இரண்டாவது தோட்டா

கலியனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி செல்லியம்மாளை அவளுடைய அண்ணன் மாணிக்கவாசகம் கிணற்றடிக்குத் தனியாக அழைத்துப் போனான். ராஜகோபால் மேல் போலீசில் மனு கொடுத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னான். செல்லியம்மாளின் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. அதை இறக்கி வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் பேசி முடிக்கிறவரை அப்படியே நின்றாள்.

ராஜகோபால் கலியனின் ஒரே அண்ணன். முசரவாக்கத்தில் ஏரிக்குக் கீழே அவர்களுக்குக் கரும்பும் நெல்லும் விளைகிற நிலம் இருந்தது. பாகம் பிரியாத குடும்பம், ஒரே அடுப்பு. பிரித்துக்கொள்வதைப் பற்றி ஒரு வருஷமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது உண்மை. கிணற்று நிலம் யாருக்கு என்பதில் அண்ணன் தம்பி இருவரும் சத்தம் போட்டுக்கொண்டதும் ஊருக்குத் தெரியும். செல்லியம்மாளுக்குக் குழந்தை இல்லை. கலியன் போய்விட்டால் அவள் ஒருத்தியாக நின்று என்ன கேட்டு வாங்கிவிட முடியும் என்று ராஜகோபால் கணக்குப் போட்டிருப்பார் என்றான் மாணிக்கவாசகம்.

“அது அஞ்சு தோட்டா துப்பாக்கிம்மா. ஒண்ணு சுட்டாரு. மீதி நாலும் உள்ளயே இருந்துது. மச்சான பன்னி குத்திப் போடற வரைக்கும் பாத்துக்கினு நின்னாரு.”

மாணிக்கவாசகம் ஏனாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஆட்சி மாறிய தேர்தலில் ஓடியாடி வேலை செய்தவன். அதற்குப் பிறகு ஸ்டேஷனில் அவனை உட்காரவைத்துப் பேசினார்கள். தங்கையின் மேல் பாசம் உள்ளவன். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. சொன்னதை அவனே முழுக்க நம்பினான்.

“சரிண்ணா,” என்றாள் செல்லியம்மாள்.

“சரின்னா இன்னா அர்த்தம்? உனக்குக் கோவமே வரலியா?”

வரவில்லை. கணவன் செத்த நாளிலிருந்தே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தாலியைக் கழற்றி வாங்கிய அன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதபோது, இவர்கள் எல்லாருக்கும் எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாரில் அடித்துக்கொண்ட ஒரு கிழவியின் கை வளையலைப் பார்த்து, இது எந்தக் கடையில் வாங்கியது என்று யோசித்தாள். அழுகை வரும், இப்போது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

அந்தத் துப்பாக்கியை ராஜகோபால் வாங்கி எட்டொன்பது வருஷம் இருக்கும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி விட்டுப்போனது. மெட்ராசில் ஓர் ஏலக் கடையில் எடுத்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கியவர்களிடம் ஒற்றைக் குழாய், மிஞ்சிப்போனால் இரட்டைக் குழாய்த் துப்பாக்கிதான் இருந்தது. ஒவ்வொரு முறை சுட்டதும் மடக்கி, காலிக் கூட்டைப் பிடுங்கி, வேறு தோட்டா போட வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. குழாய் ஒன்றுதான், ஆனால் ஐந்து தோட்டா பிடிக்கும். விசையை அழுத்தினால் வெடிக்கும். வெடித்த வேகத்தில் குழாயே பின்னுக்கு வந்து முன்னுக்குப் போகும். காலிக் கூடு பக்கவாட்டில் தெறிக்கும், அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறி நிற்கும். மறுபடி அழுத்த வேண்டியதுதான். வாங்கிய புதிதில் அதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

சீமைத் தோட்டா கிடைத்தவரை அது ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. சீனச் சண்டைக்குப் பிறகு அவை வருவது நின்றுபோனது. அதன்பின் கடையில் கிடைத்தவை நம் நாட்டுத் தோட்டாக்கள். காகிதக் கூடு, அடியில் பித்தளை. பன்றிக்குப் போடும் பெரிய குண்டுத் தோட்டாவில் துப்பாக்கி ஒழுங்காகவே ஓடியது. கவுதாரிக்குப் போடும் பொடிக்குண்டுத் தோட்டாவில்தான் தகராறு. சுட்டால் காலிக் கூடு பாதி வெளியே வந்து கடிபட்டு நிற்கும்.

ராஜகோபால் மெட்ராசில் விசாரித்து அதற்கு வழி தெரிந்துகொண்டு வந்தார். முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு சுருள்வில்லும் ஒரு வளையமும் இருந்தன. கனத்த தோட்டா என்றால் வளையத்தை வில்லுக்கு முன்னால் போட வேண்டும். அது பின்னுக்கு வரும் குழாயைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். லேசான தோட்டா என்றால் வளையத்தை வில்லுக்குப் பின்னால் மாற்றிவிட வேண்டும். மாற்ற மறந்தால் லேசான தோட்டாவுக்குத் துப்பாக்கி நின்றுபோகும், கனத்த தோட்டாவுக்குத் தோள் பெயர்ந்துபோகும். இதைக் கலியனுக்கும் காட்டிக் கொடுத்திருந்தார். லைசென்ஸ் அண்ணன் பேரில் இருந்தாலும், துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது கலியன்தான்.

கார்த்திகையில் பன்றிகள் கரும்புக்குள் இறங்கின. ஏரிக்கரை முள்காட்டிலிருந்து வந்து, தின்றதைவிட அதிகமாக மிதித்துச் சாய்த்தன. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் தம்பி இருவரும் போனார்கள். பக்கத்து நிலத்துப் பழனி தகரம் தட்டக் கூடப் போனான். பெரிய குண்டுத் தோட்டா ஐந்தைப் போட்டுக்கொண்டு ராஜகோபால் வரப்பில் நின்றார். கலியன் ஈட்டிக் கம்போடு கரும்புக்குள் புகுந்து சத்தம் கொடுத்தான். பெரிய ஆண் பன்றி ஒன்று வெளியே வந்தது. ராஜகோபால் சுட்டார். அடி பட்டது, விழவில்லை. கரும்பைவிட்டு வாய்க்கால் மேட்டில் அப்போதுதான் ஏறிய கலியனைப் பார்த்துத் திரும்பி ஓடியது. இரண்டாவது வெடிச் சத்தம் வரவே இல்லை என்று பழனி பிற்பாடு சொன்னான்.

பன்றியின் பல் கலியனின் தொடையை உள்பக்கமாகக் கிழித்துவிட்டது. ராஜகோபால் துப்பாக்கியைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினார். பன்றி கொஞ்ச தூரம் போய்த் தானாக விழுந்து செத்தது. துண்டை இறுக்கிக் கட்டி, கயிற்றுக் கட்டிலில் போட்டு, ரோடு வரை கலியனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி நின்றது. சேதி கேட்டு ஓடிவந்திருந்த செல்லியம்மாள் ஜல்லியின் மேல் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. காத்திருந்த சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கே போகட்டுமா என்று கேட்டான். போகலாம் என்று அவள்தான் சொன்னாள்.

சேற்றில் கிடந்த துப்பாக்கியைப் பழனி எடுத்தான். கைதவறி வெடித்துவிடப் போகிறதே என்ற பயத்தில் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியை இழுத்து இழுத்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே தள்ளினான். முதல் தோட்டாவின் காலிக் கூடு துப்பாக்கிக்குள் மாட்டிக்கொண்டிருந்ததா, அல்லது சுட்டபோதே தெறித்துத் தரையில் கிடந்ததா என்று அவன் பார்க்கவில்லை. மறுநாள் போலீசார் பொறுக்கியபோது காலிக் கூடும் தோட்டாக்களும் ஒரே இடத்துச் சேற்றில் கிடந்தன. துப்பாக்கி நின்றுவிட்டது என்று மட்டும் ராஜகோபால் ஸ்டேஷனில் சொன்னார். அதற்குமேல் என்ன கேட்டும் அவரிடமிருந்து பேச்சு வரவில்லை.

மனு கொடுத்த பிறகு வீட்டில் நடமாட்டம் மாறிவிட்டது. போலீசார் இரண்டு தரம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ராஜகோபால் காலையில் எழுந்ததும் கழனிக்குப் போய்விடுவார். சாப்பாட்டை மணியம்மாள் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மணியம்மாள் ராஜகோபாலின் மனைவி. செல்லியம்மாள் மருமகளாக வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள். இப்போது அவளும் அடுப்படியில் சத்தம் வராமல் பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

“உங்க அண்ணன் சொல்றத நீயும் நம்பறியா?”

செல்லியம்மாள் யோசித்துப் பார்த்தாள். நம்புவதற்கும் நம்பாமலிருப்பதற்கும் மனசில் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். எந்தப் பக்கமும் சாயவில்லை.

“தெரியலக்கா,” என்றாள்.

மணியம்மாள் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. மீதிக் கீரையைச் செல்லியம்மாள் ஆய்ந்து முடித்தாள்.

பொங்கல் கழிந்ததும், ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க ஏற்பாடாயிற்று. இன்ஸ்பெக்டர் சம்பத்குமார் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், நிதானமானவர். ராஜகோபாலைப் பிடித்து உள்ளே வைக்கவும் அவருக்கு அவசரமில்லை, விட்டுவிடவும் அவசரமில்லை. சுடுவதற்கு யேசுதாஸ் என்பவரை வரவழைத்திருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது ஒரு பாங்கியில் காவல் வேலை. தங்கையும் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று மாணிக்கவாசகம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான். மணியம்மாளும் செல்லியம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ராஜகோபாலும் பழனியும் முன்னாலேயே வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்றில் ஓர் ஓரமாக மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள்கள் ஒரு பலகையை நட்டு, தறிக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய டிசைன் அட்டைகளை அதில் ஆணியடித்திருந்தார்கள். அட்டை முழுக்க ஏற்கெனவே துளைகள். இதில் குண்டு போன துளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யேசுதாஸ் கேட்டார். குறி முக்கியமில்லை, துப்பாக்கி ஓடுகிறதா என்பதுதான் முக்கியம் என்றார் இன்ஸ்பெக்டர்.

யேசுதாஸ் முதலில் முன்கட்டையைக் கழற்றிக் காட்டினார். வளையம் வில்லுக்கு முன்னால் இருந்தது. பன்றிக்குப் போவதற்கு ராஜகோபால் சரியாகத்தான் போட்டிருந்தார். கடையிலிருந்து வாங்கி வந்த புதுப் பெரிய குண்டுத் தோட்டா ஐந்தைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார். ஐந்தும் ஓடின. காலிக் கூடுகள் வலப்பக்கம் மணலில் தெறித்து விழுந்தன. திரும்பவும் ஐந்து போட்டார். அவையும் ஓடின.

பிறகு வளையத்தை மாற்றாமல் பொடிக்குண்டுத் தோட்டா போட்டார். முதல் வெடியோடு துப்பாக்கி நின்றது. காலிக் கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வளையத்தைப் பின்னுக்கு மாற்றி அதே தோட்டாவைச் சுட்டார். ஓடியது. வளையம் பின்னால் இருக்கும்போதே பெரிய குண்டைப் போட்டு ஒரு முறை சுட்டுவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். ஓடுகிறது, ஆனால் இப்படியே சுட்டால் கட்டை பிளந்துவிடும், இனி வேண்டாம் என்றார்.

மாணிக்கவாசகம் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நின்றான்.

“பாத்தீங்களா சார்? அன்னிக்குப் போட்டதும் பெரிய தோட்டா. வளையமும் சரியாத்தான் இருந்துக்குது. அப்புறம் எப்படி நிக்கும்?”

இன்ஸ்பெக்டர் யேசுதாசைப் பார்த்தார். சரியான தோட்டாவாக இருந்தால் நிற்க நியாயமில்லை என்று யேசுதாஸ் ஒப்புக்கொண்டார். இந்தத் துப்பாக்கிக்கு முதல் தோட்டாவின் உதைதான் எல்லாம், அந்த உதை குறைந்தால் இரண்டாவது ஏறாது என்று விளக்கினார். முதல் தோட்டா வெடித்திருக்கும், குண்டும் போயிருக்கும், சுட்டவனுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் அடுத்தது உள்ளே வந்திருக்காது. அன்றைக்குப் போட்டதும் இதே கம்பெனித் தோட்டா, இதே அளவு. அதனால் அப்படி நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

ராஜகோபால் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாததுபோல இருந்தது.

முதல் தோட்டா வெடித்தும் இரண்டாவது ஏறாமல் போகலாம் என்பது செல்லியம்மாளுக்குப் புதிது. அதுவரை அவள் அந்த வழியில் யோசித்ததில்லை. வெடித்தது என்றால் நல்ல தோட்டா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கலியன் சொன்னதும் அதுதான்.

ஐப்பசி மழை, கூரையில் ஏற்கெனவே உடைந்திருந்த ஓடு வழியாகப் பரணில் ஒழுகியிருந்தது. தோட்டா வைத்திருந்த தகரப் பெட்டி பரணில்தான் இருந்தது. ராஜகோபாலும் மணியம்மாளும் ஒரு கல்யாணத்துக்கு வாலாஜா போயிருந்த சமயம். கலியன் பெட்டியை இறக்கித் திறந்தான். அடியில் தண்ணீர் நின்றது, காகிதக் கூடுகள் ஊறியிருந்தன. அந்த ஓட்டை மாற்றச் சொல்லி அண்ணன் புரட்டாசியிலேயே அவனிடம் சொல்லியிருந்தார். லைசென்சுக்கு வருஷத்துக்கு இவ்வளவு தோட்டா என்று அளவு உண்டு. அவை போனால் கரும்பு வெட்டும்வரை வேறு கிடைக்காது. கலியன் அவற்றை முறத்தில் பரப்பி, வெயில் வந்தபோதெல்லாம் காயவைத்தான். செல்லியம்மாள் வடகத்தைத் திருப்புவதுபோலத் திருப்பிப் போட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தியைத் தேய்த்தான். துப்பாக்கிக் குழாயைக் கழற்றி, அதில் நுழைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். உப்பிப்போய் நுழையாதவற்றைக் கொண்டுபோய் ஏரியில் எறிந்தான். நுழைந்தவற்றைப் பெட்டியில் திரும்ப அடுக்கினான். வெடித்தால் போதும், வெடிக்கும் என்றான். அண்ணனிடம் சொல்லாதே என்றும் சொன்னான்.

“அது நனைஞ்ச தோட்டா,” என்றாள் செல்லியம்மாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் அவளை அருகில் வரச் சொன்னார். என்ன நடந்தது என்று அவள் வரிசையாகச் சொன்னாள். பரண், தகரப் பெட்டி, முறம், மெழுகுவத்தி, ஏரி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறவள்போலச் சொன்னாள். பாதியில் மாணிக்கவாசகம் வந்து அவள் கையைப் பிடித்தான்.

“செல்லி, இன்னா பேசறன்னு தெரிஞ்சி பேசு.”

“நடந்ததத்தான் சொல்றேண்ணா.”

“செத்தவன் மேலயே பழியப் போடறியா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“அவரு வேணும்னு பண்ணல. சொல்லாதன்னாரு, நானும் சொல்லல. இந்த ஐயா சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கே புரிஞ்சிது.”

ராஜகோபால் தலையைத் தூக்கினார். தோட்டா நனைந்த விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. இன்ஸ்பெக்டரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து போலீசார் எடுத்துப்போன தகரப் பெட்டி ஜீப்பில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கொண்டுவரச் சொன்னார். யேசுதாஸ் ஒரு தோட்டாவை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மெழுகு தேய்த்திருப்பது உண்மைதான் என்றார். வாய்ப்பக்கம் லேசாக உப்பியிருப்பதையும் பித்தளையில் பச்சை பிடித்திருப்பதையும் காட்டினார். வெளியே காய்ந்திருக்கலாம், உள்ளே இருக்கும் மருந்து எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார்.

வளையத்தை முன்னால் மாற்றிவிட்டு அந்தத் தோட்டாக்களைப் போட்டார். முதலாவது வெடித்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தது. காலிக் கூடு பாதியில் கடிபட்டு நின்றது. அதை எடுத்துவிட்டு அடுத்ததைச் சுட்டார். அது ஓடியது. அதற்கடுத்ததும் ஓடியது. இன்னொன்றில் பித்தளை அடிமட்டும் கையோடு வந்து, காகிதக் கூடு குழாய்க்குள் ஒட்டிக்கொண்டது. கத்தியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று வெடிக்கவே இல்லை. குழாயை மணலைப் பார்த்து நீட்டியபடி யேசுதாஸ் வெகு நேரம் அசையாமல் நின்றார். யாரும் கிட்டே வரக்கூடாது என்று கையைக் காட்டினார். பிறகு அதை எடுத்துத் தனியாக வைத்தார்.

அப்படியானால் அன்றைக்குத் துப்பாக்கி நின்றுதான் போனதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நிக்கக் கூடியதுதான் சார். அன்னிக்கு நின்னுதான்னு கேட்டா நான் இன்னா சொல்ல முடியும்? இதுல சிலது ஓடுது, சிலது நிக்குது. எது நிக்கும்னு சுடறதுக்கு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது.”

இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. விபத்து என்று எழுதி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மாணிக்கவாசகம் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு கரையேறிப் போனான். திரும்பிப் பார்ப்பான் என்று செல்லியம்மாள் நினைத்தாள். அவன் பார்க்கவில்லை.

பஸ் வரும் இடத்தில் ஒரு பூவரச மரம் இருந்தது. மணியம்மாள் தண்ணீர் கேட்க எதிரிலிருந்த வீட்டுக்குப் போனாள். பழனி பீடி வாங்கப் போனான். ராஜகோபாலும் செல்லியம்மாளும் மரத்தடியில் நின்றார்கள். கலியன் செத்ததிலிருந்து அவர்கள் இருவரும் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை.

“உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா,” என்றார் ராஜகோபால்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“துப்பாக்கி நின்னுட்டுதுன்னு ஸ்டேஷன்ல சொன்னேன். அது எனக்கே தெரியாது. பன்னி திரும்பினது தெரியும். கலியன் மேட்டுல ஏறினது தெரியும். நான் நின்ன எடத்துலேர்ந்து பாத்தா அவன் நேரா அதுக்கு அந்தாண்ட இருந்தான். சுட்டா அவன் மேல பட்டுடுமேன்னு நின்னேனா, இல்ல அழுத்தியும் அது வெடிக்கலியா, இல்ல பயத்துல கையே வரலியா... நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். இந்த வெரல் இன்னா பண்ணிச்சின்னு ஞாபகமே இல்ல.”

வலது கையை அவள் முன்னால் நீட்டியபடி நின்றார். நகத்திடுக்கில் கழனி மண் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இதைக் கேட்டதும் தனக்குக் கோபமோ அழுகையோ ஏதாவது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் அதற்காகத்தான் சொன்னார் என்பதும் தெரிந்தது. சாலையில் ஒரு மாட்டு வண்டி பாவு நூல் மூட்டைகளோடு போனது.

“திட்டறதுன்னா திட்டிடு,” என்றார்.

“திட்டத் தோணல மாமா.”

“இன்ஸ்பெக்டராண்ட திரும்பப் போயி சொல்லிடட்டா?”

“இன்னான்னு சொல்லுவீங்க? தெரியலன்னா?”

அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். மணியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியைச் செல்லியம்மாளிடம் கொடுக்கச் சொன்னார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் செல்லியம்மாளுக்குத் தூக்கம் வந்தது. முசரவாக்கம் வந்து மணியம்மாள் எழுப்பும்வரை தூங்கினாள்.

மாசியில் கரும்பு வெட்டினார்கள். அந்த வேலை முடிந்ததும் பாகம் பிரிப்பதற்கு ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டார் ராஜகோபால். மாணிக்கவாசகத்துக்கும் சொல்லியனுப்பினார். ஆற்றங்கரையில் பிரிந்துபோன பிறகு அவன் அன்றுதான் வந்தான். தங்கைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தான். துப்பாக்கியைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. என்ன வேண்டும் என்று அவளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார் ராஜகோபால்.

“கிணத்து நிலம் எனக்கு வேணும்,” என்றாள் செல்லியம்மாள்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அந்த நிலத்துக்காகத்தான் அண்ணனும் தம்பியும் ஒரு வருஷம் பேசியது. ராஜகோபால் உடனே சரி என்றார். மணியம்மாள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மறுப்புச் சொல்லவில்லை. ஏனாத்தூருக்கே வந்துவிடும்படி மாணிக்கவாசகம் கூப்பிட்டான். நிலத்தை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அதன்பின் மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

சித்திரையில் அவள் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். விசாரணை முடிந்துவிட்டது, துப்பாக்கியை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னான். தனக்கு வேண்டாம், லைசென்சையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ராஜகோபால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கரும்பைச் சுற்றி அகழி வெட்டி முள் போட்டார்கள். பன்றிகள் அதற்கும் வழி கண்டுபிடித்து வந்தன. வருகிறபோது தகரம் தட்டினார்கள்.

ஆடியில் கிணற்று நிலத்தில் வேர்க்கடலை போட்டாள் செல்லியம்மாள். அவளிடம் மாடு இல்லை. ராஜகோபால் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, வேண்டாம் என்றார். அவர் உழுதுகொண்டே போக, அவள் பின்னாலேயே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலில் விதை போட்டுக்கொண்டு வந்தாள். நிலத்தின் நடுவில் ராஜகோபால் மாடுகளை நிறுத்தினார். மேழியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. மாடுகள் வாலை வீசிக்கொண்டு நின்றன.

செல்லியம்மாள் கூடையோடு அவருக்குப் பின்னால் நின்றாள். கிட்டே போகவும் இல்லை, வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை. அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடுகளை அதட்டினார். ஏர் நகர்ந்தது. அவள் குனிந்து அடுத்த விதையைப் போட்டாள்.